தும்பாவிலிருந்து ‘நிசார்’ வரை: இந்தியாவின் விண்வெளி ராஜதந்திரம் கடந்து வந்த பாதை

திருவனந்தபுரம்: திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரைக் கிராமமான தும்பா, இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்ட இடம் என்று பரவலாக அறியப்படுகிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே ஏவுதளத்துக்குக் கருவிகளை வழங்கிய இடமும் அதுவே. பிற்காலத்தில் சர்வதேசத் தொழில்நுட்பத் தடைகளின் தாக்கத்தை உணர்ந்ததும் இதே நகரின் ஆய்வு மையங்கள்தான். உலக ஒத்துழைப்பு, சர்வதேசப் பாதுகாப்பு ஆகிய இரண்டையும் இந்தியா எவ்வாறு கையாண்டு வந்துள்ளது என்பதை இந்த வரலாறு எடுத்துக்காட்டுகிறது.

ஏன் தும்பா?

புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 110 கி.மீ. உயரத்தில் பகல் வேளையில் வலுவான மின்னோட்டம் நிலவுகிறது. பலூன்கள் அந்த உயரத்தை எட்ட முடியாது. செயற்கைக்கோள்களோ அதற்கும் மேலே சுற்றுபவை. எனவே, அதை நேரடியாக ஆராய்வதற்குச் சிறிய ஆய்வு ராக்கெட்டுகளே ஒரே வழி. இந்தியாவின் தென்முனையில், காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில், கடலை நோக்கி ராக்கெட் ஏவ வசதியாக அமைந்திருந்தது தும்பா.

விண்வெளியின் அமைதிப் பயன்பாட்டுக்கான ஐ.நா. குழுவில் இந்தியா தொடக்கம் முதலே உறுப்பினராக இருந்தது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் சர்வதேச ஏவுதளம் ஒன்று தேவை என்ற கருத்து இக்குழுவில் வலுப்பெற்றது. 1962 டிசம்பரில், அதாவது கியூபா ஏவுகணை நெருக்கடி தணிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், ஐ.நா. பொதுச் சபை அதற்கு ஆதரவளித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. விக்ரம் சாராபாய் தலைமையில் அதே ஆண்டு அமைக்கப்பட்ட இந்திய தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது.

ஏவுதளத்துக்குத் தேர்வான நிலத்தில் மீனவர் குடியிருப்புகளும் புனித மேரி மக்தலேனா தேவாலயமும் இருந்தன. அன்றைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் ஒத்துழைப்புடன் அந்த இடம் அறிவியல் பணிக்குக் கிடைத்தது. முதல் அலுவலகமாகச் செயல்பட்ட அந்தத் தேவாலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக உள்ளது.

இரு வல்லரசுகளும் ஒரே தளத்தில்

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. சீனாவுடனான போரில் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டு அப்போது சரியாக ஓராண்டு நிறைவடைந்திருந்தது. ‘நைக்-அப்பாச்சி’ என்ற அந்த ராக்கெட் அமெரிக்காவின் நாசா வழங்கியது. அதில் வைக்கப்பட்ட சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் அளித்தது. சோவியத் ஒன்றியம் ‘மின்ஸ்க்’ கணினியையும் ஹெலிகாப்டரையும் வழங்கியது.

எந்த ராணுவ அணியிலும் சேராத நாடு என்ற நிலைப்பாடே இதற்கு வழிவகுத்தது. ஏவுதளம் அனைத்து உறுப்பு நாடுகளுக்கும் திறந்திருக்கும். ஆய்வுகள் அமைதி நோக்கத்துக்கு மட்டுமே நடைபெறும். நிலமும் நிர்வாகமும் இந்தியாவிடமே இருக்கும் என்பவை இந்த ஏற்பாட்டின் அடிப்படைகளாக இருந்தன. 1964-இல் ஐ.நா. நியமித்த விஞ்ஞானிகள் குழு தும்பாவை நேரில் ஆய்வு செய்தது. 1965 டிசம்பரில் பொதுச் சபை தனது ஆதரவுத் தகுதியை வழங்கியது. 1968 பிப்ரவரி 2 அன்று, அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார்.

அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரான்ஸ், ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் விஞ்ஞானிகள் இங்கு ஆய்வு நடத்தினர். 1970 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வாரந்தோறும் சோவியத்தின் ‘எம்-100’ வானிலை ராக்கெட்டுகள் இங்கிருந்து ஏவப்பட்டன.

ஒத்துழைப்பு சந்தேகமாக மாறியது

செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ராக்கெட்டுக்கும் போர் ஏவுகணைக்கும் அடிப்படைத் தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. சர்வதேசப் பாதுகாப்பில் எழும் சிக்கலின் வேர் இதுதான்.

திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ‘ரோகிணி’ செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தியது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ராமேசுவரத்தைச் சேர்ந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம். 1982-இல் அவர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குத் திரும்பி, ஏவுகணைத் திட்டங்களுக்குத் தலைமையேற்றார். 1989 மே மாதம் சோதிக்கப்பட்ட ‘அக்னி’ ஏவுகணையின் முதல் அடுக்கு, எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் அடுக்கை அடிப்படையாகக் கொண்டது.

இதற்கிடையே, 1987-இல் ஏழு தொழில்வள நாடுகள் இணைந்து ‘ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை’ உருவாக்கின. 500 கிலோ எடையை 300 கி.மீ. தொலைவுக்குக் கொண்டு செல்லக்கூடிய ஏவுகணைகளும் அவற்றுக்கான தொழில்நுட்பமும் பரவாமல் தடுப்பதே அதன் நோக்கம். இந்தியா அப்போது அதில் உறுப்பினர் அல்ல.

கிரையோஜெனிக் தடை

1991 ஜனவரியில், கிரையோஜெனிக் இயந்திரங்களையும் அவற்றைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தையும் பெறுவதற்காகச் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாசுடன் இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனையும், மைனஸ் 253 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹைட்ரஜனையும் எரிபொருளாக்கும் இந்த இயந்திரம், எடை மிகுந்த செயற்கைக்கோள்களை உயரமான சுற்றுப்பாதைக்குக் கொண்டு செல்ல இன்றியமையாதது. ஏவுவதற்குச் சற்று முன்புதான் எரிபொருள் நிரப்ப முடியும் என்பதால் போர் ஏவுகணைக்கு இது ஏற்றதல்ல என்பது இந்தியத் தரப்பின் வாதமாக இருந்தது.

எனினும், 1992 மே மாதம் இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் அமெரிக்கா இரண்டு ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு பொருளாதார நெருக்கடியில் இருந்த ரஷ்யா, 1993-இல் தொழில்நுட்பத்தை வழங்குவதிலிருந்து பின்வாங்கியது. தயார்நிலை இயந்திரங்கள் மட்டுமே இந்தியாவுக்குக் கிடைத்தன.

அந்தச் சூழலில்தான், 1994-இல் கிரையோஜெனிக் திட்டத்தின் முன்னணி விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996-இல் சி.பி.ஐ. தெரிவித்தது. கைது தேவையற்றது எனக் கூறி, அவருக்கு ரூ.50 லட்சம் இழப்பீடு வழங்க 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தடையிலிருந்து உறுப்புரிமைக்கு

மறுக்கப்பட்ட தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியில் திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் முக்கியப் பங்கு வகித்தது. உள்நாட்டு கிரையோஜெனிக் இயந்திரத்துடன் 2010 ஏப்ரலில் நடந்த முதல் முயற்சி தோல்வியடைந்தது. 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 வெற்றி பெற்றது.

ராஜதந்திரத் தளத்திலும் நிலைமை மாறியது. 1998 அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு கடுமையாக்கப்பட்ட ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளிலிருந்து இஸ்ரோவின் துணை அமைப்புகளை 2011 ஜனவரியில் அமெரிக்கா விடுவித்தது. 2016 ஜூன் மாதத்தில், ஏவுகணைப் பரவலுக்கு எதிரான ஹேக் நடத்தை விதிகளில் இந்தியா இணைந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி, ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் 35-ஆவது உறுப்பு நாடானது. ஒரு காலத்தில் தனக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்ட விதிகளை வகுக்கும் மேசையில் இந்தியாவுக்கு இதன் மூலம் இடம் கிடைத்தது.

தொடரும் கேள்விகள்

விண்வெளிப் பாதுகாப்பு தொடர்பான சர்வதேச விதிகள் இன்னும் முழுமை பெறவில்லை. 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, அணு ஆயுதங்களைச் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடை செய்கிறது. மற்ற ஆயுதங்கள் அனைத்துக்கும் அது தடை விதிக்கவில்லை. இந்த உடன்படிக்கையில் இந்தியாவும் உறுப்பினராக உள்ளது.

2019 மார்ச் 27 அன்று ‘மிஷன் சக்தி’ சோதனையில் இந்தியா தனது செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் தாக்கி அழித்தது. இத்தகைய அழிப்புச் சோதனைகளை நடத்துவதில்லை என்று நாடுகள் உறுதியளிக்கக் கோரி 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் நிறைவேறிய தீர்மானத்தின் வாக்கெடுப்பில் இந்தியா கலந்துகொள்ளாமல் விலகி நின்றது. தன்னார்வ உறுதிமொழிகளைவிட, அனைவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே தேவை என்பது இந்தியாவின் நிலைப்பாடு.

அதே நேரத்தில், இரு தரப்புடனும் இணைந்து பணியாற்றும் அணுகுமுறை தொடர்கிறது. ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு வீரர்கள் ரஷ்யாவில் பயிற்சி பெற்றனர். 2024 பிப்ரவரி 27 அன்று, தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் நடைபெற்ற நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி அவர்களின் பெயர்களை அறிவித்தார். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா, 2025 ஜூன் மாதம் அமெரிக்க விண்கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று திரும்பினார். நிலவு ஆய்வுக்காக அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் 2023 ஜூனில் இந்தியா கையெழுத்திட்டுள்ளது.

2025 ஜூலை 30 அன்று, நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய ‘நிசார்’ புவி ஆய்வுச் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சுமார் 2,400 கிலோ எடை கொண்ட அதைச் சுமந்து சென்ற ஜி.எஸ்.எல்.வி.-எஃப்16 ராக்கெட்டின் மேல் அடுக்கில் பொருத்தப்பட்டிருந்தது, 1990-களில் அமெரிக்காவின் அழுத்தத்தால் இந்தியாவுக்கு மறுக்கப்பட்டு, பின்னர் உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட கிரையோஜெனிக் தொழில்நுட்பம் என்பது குறிப்பிடத்தக்கது.