ஓடுகிறவர்களுக்கு வழி

மாசி மாதத்தில், மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் வடசேரி பஸ் நிலையத்துக்கு வந்தால் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். காவி வேஷ்டி, வெறுங்கால், கையில் பனையோலை விசிறி, இடுப்பில் சின்னத் துணிப்பை. மார்த்தாண்டம் பக்கம் போகிற பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். புதிதாக ஊருக்கு வந்தவர் யாராவது இவர்களைப் பழனிக்குப் போகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டால் குற்றமில்லை. யாத்திரைக்காரர்கள்தாம். ஆனால் இது நடக்கிற யாத்திரை அல்ல, ஓடுகிற யாத்திரை. சிவாலய ஓட்டம் என்று இதற்குப் பெயர்.

முஞ்சிறைக்கு அருகிலுள்ள திருமலையில் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடித் திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். பன்னிரண்டு சிவன் கோயில்கள். இவற்றில் ஒன்றுகூட எங்கள் நாஞ்சில் நாட்டில் இல்லை என்பது எங்களுக்குச் சிறிது மனத்தாங்கல்தான்; எல்லாம் மேற்கே, பழைய வேணாட்டு மண்ணில் இருக்கின்றன. ஒவ்வொரு கோயில் குளத்திலும் முழுகி, ஈரத் துணியோடு சன்னிதியில் நின்று சுவாமிக்கு விசிறிவிட்டு, மறுபடியும் ஓட வேண்டும். தூரம் சுமார் 110 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். இன்று உலகத்துப் பட்டணங்களிலெல்லாம் வருஷந்தோறும் நடக்கிற மாரத்தான் ஓட்டத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்!

பம்பாய் மாரத்தான் ஓடிவிட்டு வந்த பையன் ஒருவன், ஓட்டம் முடித்துத் திரும்பிய ஒரு பெரியவரிடம், “அண்ணாச்சி, எத்தனை மணிக்கூறுல ஓடி முடிச்சிய?” என்று கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “நேரம் பாத்தா ஓடுவாவ மக்கா? சிவராத்திரி விடியதுக்கு முன்னே நட்டாலத்துல நிக்கணும். அவ்வளவுதான்.”

இரண்டு ஓட்டங்களுக்கும் பின்னால் ஒவ்வொரு கதை இருக்கிறது. நம்முடைய கதையில் ஓடுகிறவன் பீமன். தருமருடைய யாகத்துக்குப் புருஷாமிருகத்தை அழைத்துவரப் போகிறான். அது பாதி மனிதன், பாதி மிருகம், பெரிய சிவபக்தன், விஷ்ணு நாமம் காதில் விழுந்தால் பொறுக்காது. பீமனோ “கோவிந்தா, கோபாலா” என்று கூவுகிறான். அது சீறித் துரத்துகிறது. பிடிபடும்போதெல்லாம், கண்ணன் கொடுத்தனுப்பிய பன்னிரண்டு ருத்திராட்சங்களில் ஒன்றைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிறது, புருஷாமிருகம் பூஜைக்கு உட்காருகிறது, பீமன் மறுபடி ஓடுகிறான். அதனால்தான் இன்றும் சிவன் கோயிலை நோக்கி ஓடுகிறவர்கள் “கோவிந்தா, கோபாலா” என்று குரல் கொடுக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம் இருப்பதாக இந்தப் பக்கத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

கிரேக்கர்களின் கதையில், கி.மு. 490-ல் மாரத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு வெற்றிச் செய்தி கொண்டு ஓடிவந்த வீரன் அதைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான். சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ் இதைச் சொல்லவில்லை. அவர் சொல்வது வேறு: உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஒருவன் ஓடினான் என்பது. இறந்துபோன தூதன் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் கதைக்குள் வந்து சேர்ந்தான். ஆனாலும் 1896-ல் ஏதென்ஸில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது, மிஷெல் பிரேயல் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் அந்தக் கதையை நம்பி ஒரு பந்தயம் வைக்கச் சொன்னார். அவர் மொழி ஆராய்ச்சிக்காரர். உலகத்தையே ஓடவைத்தவர் ஓர் ஓட்டக்காரர் அல்ல, புஸ்தகப் புழு என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தை மூன்று மணிக்குள் ஓடி ஜயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஏழை.

லூயிஸின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஸ்டமாட்டா ரெவிதி என்ற பெண்ணின் பெயர். அவளும் ஓட வந்தாள், சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். மறுநாள் தன்னந்தனியாக அதே சாலையில் ஓடி ஏதென்ஸ் வந்தாள். மைதானத்துக்குள் விடவில்லை. மாரத்தான் பிறந்தபோதே கூடப் பிறந்த வழக்கு இது.

ஏதென்ஸைப் பார்த்து, அடுத்த வருஷமே, 1897 ஏப்ரல் 19-ந் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஓட்டம் ஆரம்பமாயிற்று. புறப்பட்டவர்கள் பதினைந்து பேர்! வருஷந்தோறும் நடக்கிற நகர மாரத்தான்களுக்குள் இதுதான் மிகப் பழமையானது. 1908-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் விண்ட்சர் அரண்மனையில் புறப்பட்டு மைதானத்தில் ராஜ குடும்பத்தின் ஆசனங்களுக்கு எதிரே முடிகிற மாதிரி பாதை வகுத்ததில் தூரம் 26 மைல் 385 கெஜம் ஆயிற்று. 1921-ல் அதையே நிலையான அளவாக வைத்துவிட்டார்கள். 42.195 கிலோமீட்டர் என்று தசம ஸ்தானம் வரைக்கும் சுத்தமாகச் சொல்கிறார்களே, அதன் ரகசியம் இவ்வளவுதான்.

நம் தேசத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் பெல்காம் பக்கத்து பதேப்பா சௌகுலே ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார். 1976-ல் மாண்ட்ரீலில் சிவநாத் சிங் பதினோராவதாக வந்தார். வெறுங்காலோடு ஓடிப் பழகிய மனிதர். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்தார். அதற்குப் பிறகு நாற்பது வருஷங்களுக்கு மேல் எந்த இந்தியரும் அந்த நேரத்தை எட்டவில்லை. 2004-ல் பம்பாயில் வருஷாந்தர மாரத்தான் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற வீரர்கள் முன்னால் பறக்க, பின்னால் பாங்கு குமாஸ்தாவும் கல்லூரி மாணவியும் வயோதிகரும் அவரவர் சக்திக்கு ஏற்ற தூரம் ஓடுகிறார்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை.

இந்தத் தடையின்மை எவ்வளவு புதிது என்பதை மறந்துவிடக் கூடாது. 1960-களிலும் அமெரிக்கச் சங்கங்கள் பெண்கள் ஓடலாம் என்று அனுமதித்த அதிகபட்ச தூரம் ஒன்றரை மைல். 1966-ல் பாபி கிப் என்ற இளம் பெண் பாஸ்டனுக்கு விண்ணப்பம் போட்டாள். பெண்களின் உடம்பு தாங்காது என்று பதில் வந்தது. அவள் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் புதரில் ஒளிந்திருந்து, கூட்டத்தோடு கலந்து ஓடி, மூன்று மணி இருபத்தோரு நிமிஷத்தில் முடித்தாள். ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் அவளுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் காத்ரின் ஸ்விட்சர், கே.வி. ஸ்விட்சர் என்று தலைப்பெழுத்துப் போட்டுப் பதிந்து 261 என்ற எண்ணை வாங்கிக்கொண்டாள். வழியில் ஜாக் செம்பிள் என்ற அதிகாரி வண்டியிலிருந்து குதித்து வந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். புகைப்படம் உலகமெங்கும் வெளியாயிற்று. 1972-ல்தான் பாஸ்டன் பெண்களைச் சட்டப்படி சேர்த்துக்கொண்டது. அன்று ஓடியவர்கள் எட்டுப் பேர். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மாரத்தான் வைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேல்நாட்டார் செய்த அநியாயத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது நமக்குச் சுலபம். நம்முடைய ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தில் முழுகாமல், கோயிலுக்குள் நுழையாமல் சிவாலய ஓட்டம் உண்டா? 1936-க்கு முன்பு, அன்றைய திருவிதாங்கூரில், இந்துக்களிலேயே எத்தனையோ ஜாதியாருக்கு அந்தக் குளமும் இல்லை, கோயிலும் இல்லை. அவர்களுடைய கால்கள் மட்டும் ஓடத் தெரியாத கால்களா? கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. வைக்கத்தில் 1924-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1926-ல் அதே நெருப்பு வடசேரியிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள சுசீந்திரத்துக்கு வந்தது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் நாகர்கோவில் டாக்டர் எம்.ஈ. நாயுடு. தேரோடும் வீதியில் மனிதன் நடக்கலாமா என்பதுதான் விவகாரம். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அதற்காக அடிபட்டார்கள், சிறை போனார்கள்.

1936 நவம்பர் 12-ந் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராமவர்மா ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசாங்கத்தின் கீழிருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1937 ஜனவரியில் காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்து, எல்லா ஜாதியாரோடும் கோயில்களுக்குள் போனார், சுசீந்திரத்துக்கும் வந்தார்.

பிறகு மாசி வந்தது. பன்னிரண்டு குளத்திலும் எந்த ஜாதிக்காரனும் சட்டப்படி இறங்கி முழுகக்கூடிய முதல் சிவராத்திரி அதுதான். பாஸ்டனில் 1972-ல் ஓடிய எட்டுப் பெண்களுடைய பெயரும் நேரமும் அச்சில் இருக்கின்றன. சிவாலய ஓட்டத்தில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. எண் கொடுப்பதும் இல்லை. வழியோரத்து வீட்டுக்காரர்கள் சுக்கு நீரும் பானகமும் கொடுக்கிறார்கள், வாங்கிக் குடித்துவிட்டு ஓடுகிறார்கள்.