கடலோரச் சாலையும் குதிரை டிராமும்

வரலாறு என்றவுடன் முடியும் வாளும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு சாலைக்கும் வரலாறு உண்டு. அச்சாலையில் ஓடிய வண்டிக்கும், அதை இழுத்த குதிரைக்கும் உண்டு. அரசர் கதையைக் கல்வெட்டில் காணலாம். சாலையின் கதையையோ, பெரும்பாலும் நகராட்சியின் வரவு செலவுக் கணக்கில்தான் தேட வேண்டியிருக்கிறது. அலுவலகக் கோப்புகளோடு காலந்தள்ளும் என் போன்றோர்க்கு இத்தகைய வரலாற்றில் தனி ஈடுபாடு தோன்றுவது இயல்பே.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலில் கிடக்கிறது மாண் தீவு. பரப்பு 572 சதுர கிலோமீட்டர்; 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 84,000. பிரிட்டிஷ் முடிக்கு உட்பட்டதாயினும், அது பிரிட்டனின் ஒரு பகுதியன்று. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட மரபுடையதெனக் கூறப்படும் 'டின்வால்ட்' என்னும் சொந்த மன்றம் அதற்கு உண்டு. அத்தீவின் தலைநகரம் டக்லஸ். பிறை வடிவாக வளைந்த விரிகுடா, அதை அணைத்துச் செல்லும் நீண்ட கடலோரச் சாலை, சாலையின் ஒருபுறம் அடுக்கடுக்காக விடுதிகள், மறுபுறம் அலைகடல் - இதுவே அந்நகரின் முகம்.

இம்முகத்தை வகுத்தவர்களுள் ஒருவர் ஹென்றி லாக். 1863 முதல் 1882 வரை அத்தீவின் ஆளுநராக இருந்தவர். இளமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளக் குதிரைப்படையில் பணியாற்றிச் சீக்கியப் போரில் பங்கு கொண்டவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. அவர் காலத்தில் கடலைத் தடுத்துச் சுவரெழுப்பி அமைத்த கரைச்சாலைப் பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கப்பலேறி டக்லஸ் வந்து இறங்கினர். துறைமுகம் விரிகுடாவின் ஒரு முனையில். விடுதிகளோ மறுமுனை வரை. பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் எப்படிப் போய்ச் சேர்வது? இதற்கு விடை கண்டவர் தாமஸ் லைட்ஃபுட் என்னும் பொறியாளர். 1876 ஆகஸ்டு 7ஆம் நாள் அவரது குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் ஒற்றைத் தடம். பின்னர் இரட்டைத் தடம். தண்டவாளங்களுக்கு இடையே 3 அடி அகலம். முழு நீளம் எய்தியபோது சுமார் 2.6 கிலோமீட்டர். கல் பாவிய சாலையில் ஒரு குதிரை திணறி இழுக்கும் பாரத்தைப் போலப் பன்மடங்கை, வழவழப்பான இரும்புத் தடத்தில் அதே குதிரை எளிதில் இழுத்துவிடும். சமதளமான கடற்கரைச் சாலை அதற்கு மேலும் வாய்ப்பாக அமைந்தது.

பின் வந்த கதை, கைமாறிய கதை. 1882இல் லைட்ஃபுட் அதனை விற்றார். 1893இல் சாலையின் வடமுனையான டார்பி காசிலிலிருந்து மின்சார டிராமும் புறப்பட்டது. குதிரையும் மின்சாரமும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. 1900இல் தீவின் டம்பெல் வங்கி முறிந்தது. அதனோடு அந்நிறுவனமும் வீழ்ந்தது. 1902இல் டக்லஸ் நகராட்சி குதிரை டிராமை விலைக்கு வாங்கிக்கொண்டது.

மின்சாரம் வந்த பின்னும் குதிரைகள் ஏன் நின்றன? நகரின் முகப்பிலே கம்பங்களும் கம்பிகளும் வேண்டாம் என்ற எண்ணமும் அதில் உண்டு. எனினும் காலம் சும்மா விடவில்லை. பேருந்துகள் வந்தன, 1927 முதல் டிராம் கோடையில் மட்டுமே ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது 1939இல் நின்றது. 1940இல் கடலோர விடுதிகள் பலவற்றை முள்வேலி சூழ்ந்தது. பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியரும் இத்தாலியரும் அயல்நாட்டு எதிரிகள் என அங்கே அடைக்கப்பட்டனர். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த யூதர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை என்னென்பது! வேற்றூரில் பிழைப்போர் இச்செய்தியை எளிதில் கடந்து போக மாட்டார்கள். போர் முடிந்தது, வேலி அகன்றது, 1946இல் குதிரைகள் மீண்டும் வந்தன. உழைத்து ஓய்ந்த டிராம் குதிரைகள் இறைச்சிக்குப் போகாமல் காக்க, 1950இல் ஓர் ஓய்வில்லமும் எழுந்தது.

இவ்விடத்தில் நாம் வாழும் மும்பையை நினையாதிருக்க முடியுமா? இங்கே குதிரை டிராம் ஓடத் தொடங்கியது 1874 மே 9ஆம் நாள். டக்லஸுக்கு இரண்டாண்டு முன்னர். மாண் தீவில் மின்சார டிராம் வந்தது 1893, நம் சென்னையில் வந்தது 1895, இரண்டாண்டு பின்னர். ஆக ஒரே தலைமுறையின் உடன்பிறப்புகள் இவை. ஆனால் மும்பையில் 1907இல் மின்சாரம் வந்து குதிரைகளை விலக்கிற்று. சென்னை டிராம் 1953இலும், மும்பை டிராம் 1964 மார்ச் 31ஆம் நாளிலும் மறைந்தன. 'தாதர் டி.டி.' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த 'டி.டி.' டிராம் கடைசி நிலையத்தைக் குறிப்பது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? வண்டி போயிற்று, தண்டவாளம் போயிற்று, இரண்டு எழுத்துகள் மட்டும் எஞ்சின. கொல்கத்தாவிலும், எஸ்பிளனேடு - மைதானம் தடம் தவிர ஏனையவற்றை நிறுத்துவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது.

டக்லஸுக்கும் அந்த நாள் வந்தது. 2016 ஜனவரியில், நட்டத்தைக் காரணங்காட்டி, இனிக் குதிரை டிராமை நடத்துவதற்கில்லை என்று நகராட்சி அறிவித்தது. கணக்கில் பிழை காண்பதற்கில்லை. ஆண்டில் சில திங்களே ஓடும் வண்டி. ஆண்டு முழுதும் தின்னும் குதிரை. ஆயினும் மக்கள் குரலெழுப்பினர். தீவு அரசு அவ்வாண்டே பொறுப்பை ஏற்று டிராமை ஓட்டியது.

அதோடு சிக்கல் தீரவில்லை. சாலை பழுதடைந்திருந்தது, முற்றிலும் புதுப்பிக்க வேண்டும். நடுச்சாலையில் தண்டவாளம் இருந்தால் மோட்டார் வண்டிகளுக்கு இடைஞ்சல். கடல் பக்கத்து நடைபாதைக்கு அதைத் தள்ளினால் நடப்பவர்க்கு இடைஞ்சல். இரட்டைத் தடமா, ஒற்றைத் தடமா என்றும் வழக்கு. இவ்வாறு மன்றத்திலும் ஊரிலும் நெடுநாள் விவாதம் நடந்தது. 2018இல் வேலை தொடங்கிற்று, தடம் பெயர்க்கப்பட்டது, சாலை வணிகர்கள் தூசியிலும் இழப்பிலும் ஆண்டுகள் சிலவற்றைக் கழித்தனர். 2022 கோடையில் குதிரைகள் திரும்பின. ஆனால் டார்பி காசிலிலிருந்து பாதிச் சாலைக்கு அப்பால் அவ்வாண்டு அவை செல்லவில்லை. கப்பல் துறையிலிருந்து பயணியை ஏற்றிச் செல்லப் பிறந்த வண்டி, அத்துறையைத் தொடாமலே திரும்பியது. காத்ததும் உண்மை, குறைத்துக் காத்ததும் உண்மை.

பழையது யாவும் நன்றென்று வாதிட யான் வரவில்லை. நெரிசலில் திணறும் மும்பைக்குக் குதிரை வண்டி ஏற்றதன்று. அன்று எடுத்த முடிவு அன்றைய தேவை. எனினும் எல்லாவற்றையும் பெயர்த்தெறியாமல் ஒரு முழத் தடமேனும் விட்டு வைத்திருக்கலாகாதா? கணக்குப் புத்தகத்தில் செலவுக்கு ஒரு பத்தி உண்டு; நினைவுக்குப் பத்தி இல்லை. அதனாலேயே நினைவு எப்போதும் நட்டமாகவே தோன்றுகிறது.

ஊர்விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது சாலைச் செய்தி மட்டுமன்று. அன்றாடப் புழக்கத்துக்கு இவ்வூர் மொழிகள் போதும். வீட்டில் தமிழ் எதற்கு என்று கேட்பார்க்கும் கணக்கு சரியாகவே இருக்கும். முழு நீளம் ஓட இயலாவிட்டால் பாதித் தூரமேனும் ஓடட்டும் என்று ஒரு சிறு தீவு தன் குதிரைகளைக் காத்து வைத்தது. நம் பிள்ளைகளின் நாவிலும் தமிழ் ஓடட்டும். இல்லையேல், நம் பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்துகளும் 'டி.டி.' போல, விரிவு மறந்த வெற்றெழுத்துகளாகிவிடும்.