108-ல் 2-வது ஊர் ஏன் உறையூர்?

1/ இப்போ டாக்டரைக்கூட ஸ்டார் பார்த்துத்தான் தேடுறோம். அந்த ஸ்டாரை எதை வச்சுப் போட்டாங்கன்னு கேட்கிறோமா? நம்ம திருச்சி பக்கம் இதுக்கு ஒரு பழைய பாடம் இருக்கு.

2/ வைணவத் தலங்களின் பட்டியல், 108 திவ்ய தேசங்கள். இதில் சேர ஒரே தகுதி: ஆழ்வார் பாடியிருக்கணும். கோபுர உயரம், சொத்து, கூட்டம் எதுவும் கணக்கில் வராது. அவ்வளவு பெரிய மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் இதில் இல்லை!

3/ முதல் ஊர் ஸ்ரீரங்கம். 12 ஆழ்வார்களில் 11 பேர் பாடியது. திருமலையைப் பாடியவர்கள் 10 பேர்.

4/ அப்போ 2-வது திருமலையா? இல்லைங்க, பக்கத்திலிருக்கும் உறையூர். 17-ம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பிள்ளைப்பெருமாள் ஐயங்காரின் ‘நூற்றெட்டுத் திருப்பதி அந்தாதி’ நாடு வாரியாகப் போகிறது: சோழ நாட்டில் 40, பாண்டிய நாட்டில் 18 என்று. வடநாட்டுத் திருமலை பிற்பகுதியில்தான் வரும். அந்த எண் மார்க் இல்லை, ஊர் வரிசை.

5/ பட்டியலில் இல்லாதது மட்டம் இல்லை. பின்னால் வருவது தரம் குறைந்ததும் இல்லை. ஹோட்டலோ ஆஸ்பத்திரியோ, ‘டாப் 10’ கண்ணில் பட்டால் மூணு கேள்வி கேளுங்க: யார் சொன்னது? எதை அளந்து சொன்னது? அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?