குதிரை மேல் ஏறிய கேமரா

நெஞ்சில் தீப்பெட்டி சைஸ் கேமரா ஒன்றை வாரால் கட்டிக்கொண்டு குதிரை ஓட்டுகிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு காது, பறக்கிற பிடரி மயிர், கடிவாளம் பிடித்த கை, கீழே ஓடுகிற தரை. அவ்வளவுதான் படம். ஆனால் கேமரா இந்த இடத்துக்கு வந்து சேர சுமார் 130 வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

கதை ஒரு சந்தேகத்தில் ஆரம்பிக்கிறது. "நாலுகால் பாய்ச்சல்" என்று நாம் சொல்கிறோமே, அப்படிப் பாயும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓவியர்கள் எழும்பும் என்றே வரைந்தார்கள். முன்னங்கால் இரண்டும் முன்னால், பின்னங்கால் இரண்டும் பின்னால் நீட்டி, காற்றில் மிதக்கிற மாதிரி. பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1821ல் வரைந்த எப்சம் பந்தய ஓவியத்தில் எல்லாக் குதிரைகளும் இப்படித்தான் பறக்கும்.

அமெரிக்காவில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் என்று ஒரு ரயில்வே முதலாளி. கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னரும்கூட. (ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இவர் நிறுவியதுதான்.) அவர் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரிடம் இந்த வேலையை ஒப்படைத்தார். பாலோ ஆல்டோவில் இருந்த குதிரைப் பண்ணையில், ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்தார் மைபிரிட்ஜ். பாதைக்குக் குறுக்கே நூல். குதிரை பட்டு நூல் அறுந்ததும் அந்தந்த கேமரா ஒரு படம் எடுத்துவிடும். 1878 ஜூன் 19 அன்று சாலி கார்ட்னர் என்ற குதிரை அந்தப் பாதையில் ஓடியது.

பதில் கிடைத்தது. நாலு காலும் எழும்புகிறது. ஆனால் கால்கள் நீட்டியிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருக்கும்போது! அத்தனை ஓவியர்களும் தப்பாகத்தான் வரைந்திருக்கிறார்கள். சினிமாவின் முன்னோடி என்று இந்தப் படங்களைச் சொல்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயமே. ஸ்டான்ஃபோர்ட் 1882ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஆசிரியர் என்று அவருடைய டாக்டர் நண்பரின் பெயர் அட்டையில் இருந்தது. மைபிரிட்ஜுக்கு உரிய பெயர் இல்லை. அவர் கோர்ட்டுக்குப் போயும் ஜெயிக்கவில்லை. சரி, பாவம் மைபிரிட்ஜ் என்று நினைக்கிறீர்களா? பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்து 1887ல் வெளியிட்ட 781 படத் தகடுகளில் 626வது தகடு ரொம்பப் பிரபலம். அதில் ஓடும் குதிரையின் பெயர் ஆனி ஜி என்று தெரியும். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற ஆள் யார் என்று தெரியாது. 2022ல் வந்த ஜோர்டன் பீலின் "நோப்" படம் இந்தப் பெயரில்லாத ஆளைப் பிடித்துக்கொண்டுதான் கதையை ஆரம்பிக்கிறது.

கேமரா வைத்திருந்தவன் பெயர் நின்றது. குதிரையின் பெயர்கூட நின்றது. ஓட்டியவன் பெயர் நிற்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்த கட்டம், ஓரத்தில் நின்ற கேமரா கூடவே ஓட ஆரம்பித்தது. பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் தன் "நெப்போலியன்" (1927) படத்தில் ஒரு துரத்தல் காட்சிக்காகக் கேமராவைக் குதிரை முதுகிலேயே கட்டிவிட்டார். இன்றைய ஆக்‌ஷன் கேமராவின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

ஆனால் ரசிகர்களுக்கு விறுவிறுப்பு வேண்டுமே. அதற்கு விலை கொடுத்தது குதிரைகள். 1936ல் வந்த "தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்" படத்தில் குதிரைகள் தலைகுப்புற விழ வேண்டும் என்பதற்காகக் கால்களில் கம்பி மாட்டி இழுத்தார்கள். பல குதிரைகள் செத்தன. 1939ல் "ஜெஸ்ஸி ஜேம்ஸ்" படத்துக்காகக் குதிரையைப் பாறை உச்சியிலிருந்து தண்ணீரில் விழவைத்தார்கள். குதிரை இறந்துபோனது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகுதான் ஹாலிவுட் படப்பிடிப்புகளை விலங்குநல அமைப்பினர் கண்காணிக்க ஆரம்பித்தார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். எஸ்.எஸ். வாசனின் "சந்திரலேகா" (1948) வில்லன் ரஞ்சனை மறக்க முடியுமா? அதே ரஞ்சன் ஹீரோவாக நடித்து, சாண்டோ சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸ் எடுத்த படம் "நீலமலைத் திருடன்" (1957). குதிரையில் வந்தபடியே அவர் பாடும் டி.எம்.எஸ். பாட்டு இன்றைக்கும் டீக்கடைகளில் ஒலிக்கிறது. பழைய படங்களைக் கவனித்துப் பாருங்கள். தூரத்துக் காட்சியில் நிஜக் குதிரை நிஜமாக ஓடும், பக்கத்தில் வண்டியில் கேமரா. முகம் மட்டும் தெரிகிற குளோசப் வந்தால் ஹீரோ இருந்த இடத்திலேயே குலுங்குவார், பின்னால் திரையில் மரங்கள் ஓடும் :) படம் முடிந்து பெயர் போடும்போது குதிரையைப் பழக்கியவர் பெயரை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறீர்கள்?

இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. அதற்காக மாநிலங்கள் அவையில் முதலில் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். சினிமாவில் விலங்குகளைப் பயன்படுத்த முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதிகள் 2001ல் வந்தன. அப்படியும் 2021ல் "பொன்னியின் செல்வன்" படப்பிடிப்பின்போது ஐதராபாத் பக்கம் ஒரு குதிரை இறந்து, போலீஸ் வழக்கு பதிவானது.

கடைசிக் கட்டம் நம் காலத்தில். நிக் உட்மன் என்ற அமெரிக்க இளைஞர், கடலில் சர்ஃபிங் செய்யும்போது தன்னைத்தானே படம் எடுக்க முடியவில்லையே என்று யோசித்து 2002ல் ஒரு கம்பெனி தொடங்கினார். கோப்ரோ அதுதான். 2004ல் வந்த முதல் மாடல் மணிக்கட்டில் கட்டுகிற சாதாரண ஃபிலிம் கேமரா! வீடியோ எல்லாம் பிறகுதான். கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும், படமும் எடுக்க வேண்டும் என்பதுதான் ஐடியா. குதிரை ஓட்டுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தலையில் மாட்டினால் ஒவ்வொரு திரும்பலுக்கும் படம் ஆடும், நெஞ்சில் கட்டினால் கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

மைபிரிட்ஜின் கேமரா ஓரத்தில் நின்று குதிரையை முழுசாகப் பார்த்தது. நெஞ்சுக் கேமராவில் குதிரைக்கு இரண்டு காது மட்டும்தான் மிச்சம். ஆனால் முதல் முறையாக ஓட்டுகிறவனே படம் எடுக்கிறவன் ஆகிவிட்டான்.

இப்போது எங்கள் ஓடைப்பட்டிப் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சை. எங்களுக்குத் திராட்சையோடு மாட்டு வண்டிப் பந்தயமும் சேர்த்துத்தான். தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிவு பிரிவாக ஓடும். தென் மாவட்டங்களில் குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கும். ஜெயித்தால் மைக்கில் வண்டி உரிமையாளர் பெயரும் ஊரும் முதலில் ஒலிக்கும். வண்டி ஓட்டுகிற சாரதி பெயர் அப்புறம்தான்.

இந்தப் பந்தயங்களின் வீடியோவை யார் எடுக்கிறார்கள்? வண்டிகளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் பைக்கில் துரத்துகிறவர்கள். ஒரு கையில் போன், ஹாரன் சத்தம் வேறு. மிரளுகிற பிராணி, குறுகலான ரோடு, ஓரத்தில் சின்னப் பிள்ளைகள். மாடோ குதிரையோ ஓடுவதைவிட இந்த பைக்குகள்தான் பயம்.

என் யோசனை இதுதான். பந்தயக் கமிட்டிகள் ஒவ்வொரு சாரதி நெஞ்சிலும் ஒரு கேமரா கட்டட்டும், பைக்குகளை ரோட்டுக்கு விடாமல் நிறுத்தட்டும். வீடியோவும் கிடைக்கும், விபத்தும் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. நெஞ்சுக் கேமராவில் சாரதியின் கை தெரியும். யார் தார்க்குச்சியால் குத்தினார், யார் சாட்டையை அளவுக்கு மீறி வீசினார், யார் அடுத்த வண்டிக்குக் குறுக்கே மறித்தார் என்று அடிதடி இல்லாமல் தீர்த்துக்கொள்ளலாம். 1878ல் பன்னிரண்டு கேமரா ஒரு சந்தேகத்தைத் தீர்த்தது. நமக்கு வண்டிக்கு ஒன்று போதும்.

அப்படியே அந்த வீடியோவின் கீழே சாரதி பெயரையும், ஓடிய மாடு அல்லது குதிரையின் பெயரையும் போட்டுவிடுங்கள். 626வது தகட்டில் விட்டுப்போனதை நாமாவது விடாமல் இருப்போம்.

உங்கள் ஊர்ப் பந்தயத்தில் எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.