இரணம் என்னுஞ் சொல்

மருத்துவ நூல்களிற் புண்ணைக் குறிக்கும் இரணம் என்னுஞ் சொல், போர் எனப் பொருள்படும் ரணம் என்பதினின்று பிறந்ததென்றும், படைக்கலம் பட்ட புண்ணே அதன் முதற்பொருள் என்றும் கருதுவாரும் உளராவர். அது பொருந்தாது. என்னை? வடமொழியிற் போரைக் குறிக்கும் ரணமும், கடனைக் குறிக்கும் ருணமும், புண்ணைக் குறிக்கும் வ்ரணமும் வெவ்வேறு சொற்களாம். ரகரமும் இணைந்த மெய்களும் தமிழில் மொழிக்கு முதலாகாமையின், அம்மூன்றும் ஈண்டு இரணம் என ஒரு வடிவுற்றன. புண்ணைக் குறிப்பது விரணம் எனவும் வழங்குதல் அதன் பிறப்பைத் தெரிவிக்கும். உருசிய மொழியிற் புண்ணை உணர்த்தும் ரானா என்பதனை இதற்கு இனமென்பர் மொழிநூலார். ஆண்டும் முதல் வகரம் கெட்டது என்பது அவர் கொள்கை. ஆகலின், இரணகளம் என்புழிப் போரும், இரண வைத்தியம் என்புழிப் புண்ணும் பொருளாகக் கொள்க.

பொருள்வகையானும் இது துணியப்படும். சுசுருத சங்கிதை வ்ரணத்தை இருவகைப்படுத்தி, வாத பித்த கபங்களும் குருதியும் கெடுதலால் உடம்பினுள்ளே தோன்றுவது ஒன்று, படைக்கலம், விலங்கு, வீழ்ச்சி முதலிய புறக்காரணங்களான் வருவது ஒன்று என்னும். போர்ப்புண் பின்னதன் ஒரு கூறேயாதலின், அது பெயர்க்காரணமாதல் யாங்ஙனம்?

அற்றேல், அப்பெயர்க்குக் காரணம் யாதெனின், தாதுபாடம் உடலைச் சிதைத்தற் பொருளில் வ்ரண் என ஒரு வினையடி கூறும். சுசுருதமோ சூத்திரத்தானத்து 21-ஆம் அத்தியாயத்தில் மூடுதற்பொருட்டாகிய வேறோர் அடியைக் காட்டி, புண் ஆறிய பின்னும் அதன் தழும்பு உடல் உள்ள துணையும் அழியாது நிற்றலின் அப்பெயர்த்தாயிற்று என்னும். சொற்பிறப்பு நெறியில் இவ்விரண்டனுள் எது வலியுடைத்தாயினும், பின்னையது மருத்துவனது கடமையைப் புலப்படுத்துகின்றது. என்னை? அந்நூல் புண்ணுக்குக் கூறும் 60 சிகிச்சை முறைகளுள், ஆறிய இடத்தின் வெண்மையையோ கருமையையோ மாற்றி இயல்பான நிறம் வருவித்தலும், ஆண்டு மயிர் முளைப்பித்தலும் அடங்கும். வாய் கூடியதனோடு புண் முடிந்ததென மருத்துவன் அகலலாகாது; தழும்பும் அவன் பொறுப்பேயாம்.

தமிழில் இவ்விரு நிலைக்கும் இரு சொற்கள் உள. திருவள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்துள் ஆறுவதனைப் புண் என்றும், ஆறாததனை வடு என்றும் பிரித்து ஆண்டார். தமிழ் பிரித்துக் காட்டிய இரண்டனையும் சுசுருதம் ஒரு பெயரின்கண் அடக்கிக் கண்டது. ஆகவே, இரணம் என்னுஞ் சொல் நூல்களில் வருமிடத்துப் போரை நினையாது, புண்ணையும் அது விட்டுச் செல்லும் வடுவையும் ஒருங்கு நினைந்து பொருள் கொள்க.