ஏழு அடி வண்டி, இருபது அடி பைப்

மணலி பக்கம் போயிருக்கிறீர்களா? போனால் ஒரு பத்து நிமிஷம் சாலையோரம் நின்று, போகிற வண்டிகளின் முகத்தைப் பார்க்காமல் முதுகை மட்டும் பாருங்கள். டேங்கர், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், தார்ப்பாய் போர்த்திய லாரி... இவற்றுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு ஒரு ‘குட்டி யானை’ வரும். டாடா ஏஸ்தான், வேறென்ன! அதன் பின்பக்கத் தொட்டி ஏழு அடிக்குக் கொஞ்சம் மேல். அதில் போய்க்கொண்டிருப்பதோ இருபது அடி பைப்!

டிரைவரின் தலைக்கு மேலே பாருங்கள். கேபினை ஒட்டி ஓர் இரும்புச் சட்டம், பின்கதவுப் பக்கம் இன்னொன்று. பைப் அதன்மேல் சொகுசாகப் படுத்திருக்கும். நல்ல பட்டறையில் செய்தது என்றால் அந்தச் சட்டத்தின் கால், குழாய்க்குள் குழாயாக இருக்கும். வரிசையாகத் துளைகள், குறுக்கே ஒரு பின். பின்னை உருவினால் சட்டம் ஏறும், இறங்கும். இன்றைக்கு பைப் என்றால் உயர்த்திக்கொள்ளலாம். நாளைக்கு பீரோ என்றால் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்கிறீர்களா? இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது சார். அதில் பாதி இதே வடசென்னையில் நடந்தது.

முதலில் மாட்டு வண்டி. வண்டியின் இரண்டு ஓரங்களிலும் துளை போட்டு மூங்கில் கழிகளைச் செருகுவார்கள். முளைக்குச்சி என்று பெயர். வைக்கோல் ஏற்றினால் உயரமான கழி, மூட்டை என்றால் குட்டைக் கழி, ஒன்றும் வேண்டாமென்றால் உருவிப் போட்டுவிட வேண்டியது. சரக்குக்குத் தகுந்த மாதிரி வண்டியின் முதுகு மாற வேண்டும் என்பதை நம் கிராமத்துத் தச்சர்கள் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டார்கள். குட்டி யானை மேலே இருக்கிற சட்டத்துக்கு இந்தக் குச்சிதான் கொள்ளுத் தாத்தா!

அடுத்த காட்சி எண்ணூர். 1948-ல் ரகுநந்தன் சரண் ‘அசோக் மோட்டார்ஸ்’ கம்பெனியை ஆரம்பித்தார். அசோக் என்பது அவர் மகனின் பெயர். முதலில் இங்கே பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் கார்! பிறகுதான் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம். 1955-ல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆனது.

இதில் ஒரு வேடிக்கை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது முழு லாரி அல்ல. இன்ஜின், சக்கரம், இரண்டு நீள இரும்புத் தண்டவாளம் மாதிரி சேஸிஸ். அவ்வளவுதான்! கூரை, கதவு எதுவும் இல்லாத அந்த எலும்புக்கூட்டின் மேல் உட்கார்ந்து, மூஞ்சியில் காற்று அறைய, டிரைவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில்தான் அதற்கு உடம்பு கிடைக்கும். மணல் ஏற்றவா, மாடு ஏற்றவா, முட்டையா என்று கேட்டுக்கொண்டு பாடி கட்டுவார்கள். முன்பாதி கம்பெனிக்காரர் சொன்னபடி, பின்பாதி சரக்குக்காரர் சொன்னபடி! ஆனால் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான். முளைக்குச்சி மாதிரி உருவ முடியாது.

அந்தக் குச்சி வித்தையை இரும்பில் திரும்பக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். மால்கம் மெக்லீன், ஒரு லாரி முதலாளி. லாரியில் வந்த சரக்கை ஒவ்வொரு மூட்டையாகக் கப்பலில் ஏற்றுகிற அவஸ்தை அவருக்குப் பொறுக்கவில்லை. 1956 ஏப்ரல் 26-ம் தேதி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகளை அப்படியே அனுப்பினார். கன்டெய்னர் யுகம் ஆரம்பம்! அவரிடம் வேலை பார்த்த என்ஜினீயர் கீத் டான்ட்லிங்கர், பெட்டியின் மூலையில் நுழைந்து திருகிக்கொள்ளும் ஒரு பூட்டைச் செய்தார். ட்விஸ்ட் லாக். கால் வட்டம் திருப்பினால் பூட்டு, திரும்ப வைத்தால் விடுதலை. பிறகு மெக்லீனைச் சம்மதிக்க வைத்து, அந்தக் காப்புரிமையையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். நாற்பது அடி டிரெய்லரின் நடுவில் கூடுதலாகச் சில பூட்டுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபது அடிப் பெட்டி வந்தால் அதற்காக! சென்னைத் துறைமுகத்துக்குத் தனி கன்டெய்னர் முனையம் வந்தது 1983-ல். மணலி சாலையில் டிரெய்லர்கள் மைல் கணக்கில் வரிசை கட்டிய காலமெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பூட்டைத் திருகாமல் விட்டால் என்ன ஆகும்? வளைவில் பெட்டி தனியாக இறங்கிவிடும். பக்கத்தில் யார் வந்தாலும் சரி.

பெரிய வண்டிக்கு இவ்வளவு ஏற்பாடு. சின்னச் சரக்குக்கு? வடசென்னையில் அதற்கு மீன்பாடி வண்டிதான் கதி. பக்கப் பலகையே இல்லாத தட்டை முதுகு. மீன், ஐஸ், கம்பி என்று எதையும் போட்டுக் கயிறு கட்டி மிதிப்பார்கள். 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைச் சக்தி, முக்கால் டன் சரக்கு, விலை இரண்டே கால் லட்சம். சந்து பொந்தெல்லாம் நுழைந்தது. அதன் முதுகில் பட்டறைக்காரர்கள் சட்டம் மாட்ட ஆரம்பித்தார்கள்.

மாட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. தொட்டித் தகட்டில் துளை போட்டு போல்ட் முடுக்குவது சுலபம். ஆனால் எண்ணூர் உப்புக் காற்று அந்தத் துளையைச் சும்மா விடாது, துரு பிடித்து ஒருநாள் சட்டம் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். கெட்டிக்காரர்கள் யூ-போல்ட் போட்டு அடியில் இருக்கிற சேஸிஸைக் கவ்வ வைப்பார்கள். பிரேக் போட்டால் பாரம் முன்னால் பாயும், அதனால் காலுக்குக் குறுக்கு முட்டு வேண்டும். ஏஸின் அகலம் ஐந்து அடிகூட இல்லை. தலைக்கு மேல் கனத்தை ஏற்றிக்கொண்டு வேகமாகத் திரும்பினால் யானை படுத்துவிடும்!

அப்புறம் சட்டம். நான் சொல்வது இரும்பு அல்ல, கோர்ட் சமாச்சாரம். கம்பெனி செய்து பதிவான அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. ஆகவே எதையும் மாட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, நம்ம பைப்புக்கு வருவோம். ஏஸின் மூக்கிலிருந்து வால் வரை பன்னிரண்டரை அடி. சட்டத்தின் மேல் வைத்தால் பத்து அடி பைப் வண்டிக்குள் அடங்கிவிடும். அதற்குத்தான் அந்தச் சட்டம். இருபது அடி? கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழரை அடி வெளியே! கயிற்றை எத்தனை சுற்று சுற்றினாலும் அது உள்ளே வராது. முன்பெல்லாம் பின்பக்கம் ஒரு மீட்டர்வரை நீட்டிக்கொள்ள விதியில் சலுகை இருந்தது. நீட்டிய கம்பி குத்திப் பல உயிர்கள் போன பிறகு, 2014-ல் மத்திய அரசு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இப்போது ஒரு அங்குலம் நீட்டினாலும் தப்பு. கட்டடக் கம்பி பன்னிரண்டு மீட்டர் நீளம். அதைக் கடையிலேயே நடுவில் வளைத்துப் பாதியாக்கித் தருகிறார்கள். அப்போதும் அது இருபது அடி! பெரிய லாரி பிடித்தால் வாடகை கூட. அந்தச் சில நூறு ரூபாய்க்காகக் குட்டி யானையில் ஏற்றி, முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

பகலில் அந்தத் துணி படபடப்பது தெரியும். ராத்திரியில், எதிரே வருகிற டிரெய்லரின் ஹெட்லைட் கண்ணைக் கூசுகிறபோது, துணியும் தெரியாது, கம்பியும் தெரியாது. மணலி சிக்னலில் குட்டி யானைக்குப் பின்னால் டூவீலரை நிறுத்த நேர்ந்தால், முதலில் அண்ணாந்து பாருங்கள். அப்புறம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.