மாப்பிள்ளையின் ஸ்கேட்டும் அதன் எழுநூறு வருடக் கதையும்

சென்ற இதழில் பூட்டின் வரலாற்றை எழுதியதைப் படித்துவிட்டு, பி பிளாக் நண்பர் ஒருவர் "அடுத்தது என்ன சார், சாவியா?" என்று லிஃப்ட்டில் கேட்டார். இல்லை. இந்த முறை நம் ஊர்க் கால்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு பொருள். ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் ஸ்கேட். நம் குடியிருப்பில் பல வீடுகளில் பிள்ளைகள் குளிர் தேசங்களில் இருக்கிறார்கள். ஆறு மாத விசாவில் போய் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிற நம்மைப் போன்றவர்கள் முன்னால் இந்தச் சாமான் ஒருநாள் வந்து நிற்கத்தான் போகிறது.

என் முன்னால் வந்து நின்றது டொராண்டோ பக்கத்தில் என் மகள் வீட்டில். மாப்பிள்ளைக்கு வயது 43. பேரன் ஐந்து வயதிலிருந்து ஐஸில் சறுக்குகிறான். அவனோடு தானும் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் மாப்பிள்ளை சேர்ந்தார். பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு ஜோடி ஸ்கேட் வாங்கினார். ஷூ சைஸ் 10, அதனால் ஸ்கேட்டும் 10. மூன்றாவது வாரம் கணுக்கால் பிசகி, காலில் கட்டோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இது சரிப்படாது மாமா. வித்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

கவுண்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கணக்கு இடித்தால் முதல் வவுச்சரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஸ்கேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தோலும் பிளாஸ்டிக்கும் எஃகும் சேர்ந்த ஒரு விசித்திர வஸ்து. இது எப்படி இப்படி ஆயிற்று என்று பார்க்கத் தோன்றியது. நூலகம் நடக்கும் தூரத்தில் இருந்தது. நேரத்துக்கும் பஞ்சமில்லை.

முதல் ஸ்கேட் இரும்பு அல்ல, எலும்பு. ஐரோப்பாவின் வட பகுதிகளில் மாடு, குதிரை இவற்றின் கால் எலும்பைத் தேய்த்துத் தட்டையாக்கிக் காலடியில் கட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு லண்டனைப் பற்றி எழுதிய வில்லியம் ஃபிட்ஸ்டீஃபன் என்பவர், நகரத்துக்கு வடக்கே சதுப்பு நிலம் உறைந்ததும் இளைஞர்கள் எலும்பைக் காலில் கட்டி, இரும்புப் பூண் போட்ட கோலை ஊன்றிப் பாய்ந்ததை விவரித்திருக்கிறார். கோல் எதற்கு என்றால், எலும்பு வழுக்குமே தவிர ஐஸைப் பிடிக்காது. ஓடக்காரன் துடுப்புப் போடுவது போலக் கோலால் தள்ளித்தான் போக வேண்டும்.

விளிம்புள்ள இரும்புப் பட்டை வந்த பிறகுதான் கோல் வேண்டாமலாயிற்று. அது நெதர்லாந்துக்காரர்களின் வேலை, 13, 14ஆம் நூற்றாண்டு வாக்கில். அங்கே குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்து சாலையாகிவிடும். மரப் பலகையின் அடியில் இரும்புப் பட்டையைப் பொருத்தி, பலகையைத் தோல் வாரால் செருப்போடு கட்டினார்கள். பட்டையின் விளிம்பு ஐஸில் பதியும். காலைப் பக்கவாட்டில் உதைத்தால் உடம்பு முன்னே போகும். இன்றைய ஸ்கேட்டும் அதே தத்துவம்தான். ஆனால் அந்த நாளில் ஸ்கேட் என்றால் இரும்பும் பலகையும் மட்டுமே. செருப்பு அவரவர் சொந்தச் செருப்பு. இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள்.

கடலைத் தாண்டி, கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா. அங்கே டார்ட்மவுத் என்ற ஊரில் ஸ்டார் கம்பெனி. ஆரம்பத்தில் ஆணி செய்த கம்பெனி அது. 1860களில் தோல் வாரை ஒழித்துக்கட்டி, ஒரு நெம்புகோலைத் திருப்பினால் பூட்ஸின் அடியைக் கவ்விக்கொள்ளும் ஸ்கேட்டைக் கொண்டுவந்தது. 'ஆக்மி' என்று பெயர். கவ்வு, சறுக்கு, கழற்றிப் பையில் போடு. வார் கட்டி விரல் விறைத்துப்போன ஜனங்களுக்கு அது பெரிய விடுதலை.

1875 மார்ச் 3ஆம் தேதி, மான்ட்ரியலில் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் என்ற கூரையிட்ட அரங்கத்தில், பக்கத்துக்கு ஒன்பது பேராக ஒரு ஆட்டம் நடந்தது. உள்ளரங்கில் ஒழுங்காக நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஏற்பாடு செய்தவர் ஜேம்ஸ் கிரைட்டன், பிறந்த ஊர் நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ். பந்து பார்வையாளர்கள் மேல் பறக்காமல் இருக்க, தட்டையான மரத்துண்டை வைத்து ஆடினார்கள்.

அந்த ஆட்டம் பரவப் பரவ ஸ்கேட்டின் வேலை மாறிப்போனது. குளத்தில் சும்மா உலாவுவது வேறு. நாலு சுவருக்குள் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, ஒருவரையொருவர் மோதுவது வேறு. கவ்விப் பிடிக்கிற இரும்புக்கு அது தாங்காது. ஆட்டக்காரர்கள் பிளேடைப் பூட்ஸில் நிரந்தரமாகவே முடுக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்போதுதான், அதுவரை கண்டுகொள்ளாத பூட்ஸ்மேல் கவனம் திரும்பியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஜார்ஜ் டாக்கபெரி என்ற சக்கிலி வேலைக் கைதேர்ந்தவர் அல்ல, அவரைத் தேடி வந்த வாடிக்கையாளர்தான் என்று முதலில் நினைத்தேன். படித்து முடித்தபோது இருவரையும் பிரிக்க முடியவில்லை. மனிடோபா மாகாணத்தில் பிராண்டன் என்ற ஊர். டாக்கபெரி அங்கே பூட்ஸ் செய்கிறவர். ஜோ ஹால் என்ற முரட்டு ஹாக்கி ஆட்டக்காரர் அவரிடம் வந்து, என் பூட்ஸ் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். டாக்கபெரி கங்காரு தோலில், கணுக்காலை நன்றாகத் தாங்கும்படி ஒரு ஜோடி செய்து கொடுத்தார். பேர் பரவியது. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் 'டாக்ஸ்' கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜோ ஹாலின் முடிவு சோகமானது. 1919இல் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றுக்காக மான்ட்ரியல் அணியோடு சியாட்டில் போனார். அது ஸ்பானிஷ் ஃபுளூ காலம். ஆட்டக்காரர்கள் வரிசையாகப் படுத்தார்கள், போட்டி பாதியில் கைவிடப்பட்டது, சில நாளில் ஹால் அங்கேயே இறந்துபோனார். அந்த வருடம் கோப்பை யாருக்கும் இல்லை. கோவிட் நாட்களில் நம் கேட்டைப் பூட்டி வைத்திருந்தோமே, அது நினைவுக்கு வந்தது.

பிளேடு பக்கம் சி.சி.எம். அந்த மூன்றெழுத்து கனடா சைக்கிள் அண்ட் மோட்டார். 1899இல் சைக்கிள் கம்பெனிகள் சில ஒன்றாகி உண்டான நிறுவனம். சைக்கிள் மோகம் தணிந்ததும் கையில் எஃகும் மெஷினும் மிச்சம். 1905 வாக்கில் ஸ்கேட் பிளேடு பக்கம் திரும்பினார்கள். சைக்கிள் கோடையில் விற்கும், ஸ்கேட் குளிரில் விற்கும். பி.காம் படித்தவனுக்கு இதைவிட அழகான ஏற்பாடு வேறு உண்டா? டாக்கபெரி 1937இல் காலமானதும் அவருடைய பூட்ஸ் உரிமையையும் சி.சி.எம். வாங்கிக்கொண்டது. 'டாக்ஸ்' என்ற பெயரை அந்தக் கம்பெனி நம் காலம் வரை தன் ஸ்கேட்டுக்கு வைத்து விற்றிருக்கிறது. வாங்குகிற பையன்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியுமோ.

இதற்கு நடுவே ஒன்டாரியோவின் கிச்சனர் ஊரில் பாவர் குடும்பம். 1927இல் தொடங்கியது, தொழில் ஷூ. 1933இல் பூட்ஸும் பிளேடும் தொழிற்சாலையிலேயே ஒன்றாகப் பொருத்திய ஸ்கேட்டை விற்க ஆரம்பித்தார்கள். அதில் முதல் நாங்கள்தான் என்பது அந்தக் கம்பெனியின் பெருமை. அதோடு சொந்தச் செருப்பில் இரும்பைக் கட்டிய காலம் முடிந்தது. ஒரே பெட்டி, ஒரே விலை, ஒரே சாமான்.

வசதிதான். ஆனால் அதில் ஒரு வில்லங்கமும் பிறந்தது. பூட்ஸ் ஒரு வேகத்தில் தேயும், பிளேடு ஒரு வேகத்தில் தேயும். சாணை பிடிக்கப் பிடிக்க எஃகு குறைந்துகொண்டே வரும். இரண்டையும் அறைந்து ஒன்றாக்கிவிட்டால், ஒன்று போனதும் மற்றதற்கும் ஆபத்து.

1970களில் இந்த முடிச்சு அவிழ ஆரம்பித்தது. அதுவரை பூட்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே எஃகுக் குழாய் இருந்தது. அதற்குப் பதில் 'டூக்' என்ற பெயரில் பிளாஸ்டிக் தாங்கி வந்தது. எடை குறைந்தது. காலப்போக்கில் தாங்கியிலிருந்து எஃகை மட்டும் கழற்றிப் புதிதாகப் போடும் வசதியும் வந்தது. இப்போது சில மாடல்களில் ஒரு விசையை அழுத்தினால் பிளேடு கையோடு வந்துவிடுகிறது. அதே பத்தாண்டில் பனிச்சறுக்கு பூட்ஸ் செய்யும் லாங்கே கம்பெனி முழு பிளாஸ்டிக் வார்ப்பில் ஹாக்கி பூட்ஸ் கொண்டுவந்தது. கொஞ்ச காலம் ஓடி, ஓய்ந்தது. பிறகு சூடாக்கினால் காலின் வடிவுக்கு இளகும் பூட்ஸ், அதன்பின் கார்பன் இழை.

பணக்காரர்களின் கணக்கும் சில சமயம் இடிக்கும் என்பதற்கு ஒரு வரி. பாவரை வைத்திருந்த நிறுவனத்தை நைக்கி 1990களின் நடுவில் 39.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2008இல் பாவரை விற்றபோது கிடைத்தது 20 கோடி. ஓடுகிற ஷூ விற்கத் தெரிந்தவருக்குச் சறுக்குகிற ஷூ கைகொடுக்கவில்லை.

இவ்வளவையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் ஸ்கேட்டைத் திரும்பப் பார்த்தேன். கோளாறு புரிந்தது. அவர் கண் போனது பளபளக்கிற பிளேடுமேல். கணுக்காலைக் காட்டிக்கொடுத்தது பூட்ஸ். டாக்கபெரியும் ஜோ ஹாலும் நூறு வருடத்துக்கு முன் பேசித் தீர்த்த விஷயம் அது.

"மாப்பிள்ளை, விக்கிறது இருக்கட்டும். ஒரு தடவை அளவு பார்த்துட்டு வரலாம் வாங்க" என்றேன். கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஹாக்கிச் சாமான் மட்டும் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். அங்கே இருந்த பெரியவர் பத்து நிமிடத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

ஹாக்கி ஸ்கேட்டின் அளவு, நாம் போடும் ஷூவைவிடப் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரை சைஸ் சின்னது. நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் கால் பின்னே போய்க் குதிகால் அசையாமல் உட்கார வேண்டும். நம் வீடுகளில் வளரும் பையனுக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோமே, 43 வயதில் கால் எங்கே வளரும்? மாப்பிள்ளைக்குச் சரியான அளவு எட்டரை. அகலத்துக்கும் தனி எழுத்து உண்டு: சாதாரணக் கால் 'டி', அகலக் கால் 'இஇ'. புது மாடல் சிலவற்றில் எழுத்துக்குப் பதில் 1, 2, 3 என்று எண். மாப்பிள்ளைக்கு அகலக் கால். லேஸ் கட்டாத பூட்ஸில் காலை வைத்து, மேலே லேஸ் துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தார் பெரியவர். பென்சில் இரு ஓரத்திலும் படிந்தால் ஆழம் போதும். கால்மேல் ஏறி ஆடினால் பூட்ஸ் மேலோட்டமானது.

விலை உயர்ந்தது எடுத்தால் என்ன என்று கேட்டேன். உச்ச ரகம் ஆயிரம் டாலருக்கு மேல். (நம் பணத்தில் பெருக்கிப் பார்க்காதீங்க அப்பா என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள். பெருக்கித்தான் பார்த்தேன்.) அது தொழில்முறை ஆட்டக்காரனின் உதையைத் தாங்கச் செய்த விறைப்பு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவரின் கணுக்கால் அதில் முன்பக்கம் மடங்காது. அடிமட்ட ரகமோ துணி மாதிரி தொய்யும். பலவற்றில் பிளேடைத் தனியே மாற்றவும் முடியாது. நடு ரகம், பிளேடு கழற்றக்கூடியதாக, என்று முடிவாயிற்று. ஐந்நூறு டாலருக்குள் அடங்கியது.

எனக்கு இது பழைய பாடம். பூட்ஸ் முதலீட்டுச் செலவு, பிளேடும் சாணையும் வருவாய்ச் செலவு. எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்தான் பலர் நல்ல பூட்ஸைப் பிளேடு தேய்ந்ததற்காக வீசுகிறார்கள், அல்லது தொய்ந்த பூட்ஸுக்குப் புதுப் பிளேடு போடுகிறார்கள்.

பெரியவர் பூட்ஸைச் சின்ன அவனில் சில நிமிடம் சூடாக்கி, மாப்பிள்ளை காலில் மாட்டிக் கட்டி உட்காரவைத்தார். ஒரு நாள் ஆறவிட்டுத்தான் ஐஸில் இறங்க வேண்டுமாம். புது ஸ்கேட் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பிளேடின் அடியை நீளவாக்கில் குழிவாகத் தேய்த்து இரண்டு விளிம்பு உண்டாக்குகிறார்கள். குழிவின் ஆரம் அரை அங்குலம் என்பது சாதாரணக் கணக்கு. ஆரம் கூடினால் குழி ஆழம் குறையும், பிடிப்பும் குறையும், நிறுத்துவது சுலபம். மாப்பிள்ளையின் எடைக்கு ஐந்தில் எட்டு அல்ல, எட்டில் ஐந்து அங்குலம் போதும் என்றார். நான் நோட்டில் முதலில் தலைகீழாகத்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக இறங்கினார்கள். நானும் வாடகை ஸ்கேட் ஒன்றை மாட்டிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு சுற்று போனேன். என் மனைவியிடம் அரைச் சுற்று என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த இதழ் வந்தால் தெரிந்துவிடும்.

போன வாரம் போனில் மாப்பிள்ளை சொன்னார், சாணை பிடித்துப் பிடித்து எஃகு சின்னதாகிவிட்டதாம், பிளேடு மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார். பூட்ஸ் அதேதான். பேரனுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வேண்டியிருக்கிறது.